கபன் துணி கட்டிய நாட்களும் கையொப்பம் இல்லாத மணமகளும்

நிலாவெளிச் சொந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

2020 டிசம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பிறந்து இருபதே நாளான ஒரு பச்சைக் குழந்தையின் ஜனாஸா, பெற்றோர் சம்மதிக்காமலே கொழும்பில் எரிக்கப்பட்டது. கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்திருந்தது. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் நம் நாட்டில் அது செல்லுபடியாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவே நம் முதியவர்கள் பயந்தார்கள். மௌத்துக்கு அல்ல, நெருப்புக்குப் பயந்தார்கள்.

அந்தக் குழந்தைக்குப் பிறகுதான் பொரளை மயானத்தின் வாசலில் வெள்ளைத் துணிகள் தொங்க ஆரம்பித்தன. இரவில் அவற்றை அகற்றினார்கள். மறுநாள் மீண்டும் கட்டினார்கள். கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் வந்து கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன நடைபயணம் நம் திருகோணமலையூடாகவும் போனது. தமிழ் மக்களின் நெடுநாள் கோரிக்கைகளோடு, முஸ்லிம் ஜனாஸாக்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. பெப்ரவரி 25இல் அரசாங்கம் இறங்கி வந்தது. மார்ச் 5இலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. அந்த நாட்களில் நாம் நாட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டோம்: “பெரும்பான்மை நீங்கள் என்பதற்காக எங்கள் வலி உங்களுக்குப் புரியாதா?” நியாயமான கேள்வி. அதே கேள்வியை நம் வீட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்த்து யாராவது கேட்டால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

இரவில் கடையைப் பூட்டுமுன் கல்லாப்பெட்டியை எண்ணிக் கணக்குப் பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இந்த உவமையைத்தான் எடுத்துக்கொள்கிறார். வியாபாரி தன் பங்காளியோடு கணக்குப் பார்ப்பதுபோல மனிதன் தன் நஃப்ஸோடு கணக்குப் பார்க்க வேண்டும். இதற்கு முஹாஸபா என்று பெயர். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாரிஸ் என்ற பெரியாருக்கு இந்தப் பழக்கத்தால்தான் ‘அல் முஹாஸிபி’ என்ற பெயரே வந்தது. நாம் இதைத் தஸ்பீஹோடும் தஹஜ்ஜுதோடும் நிறுத்திக்கொண்டோம். தனி மனிதன் தனக்குள் பார்க்கும் கணக்கை ஒரு சமூகமும் தனக்குள் பார்க்க வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். நீதியில் உறுதியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் சொல்கிறது. எதிரிக்கு எதிராக நீதி பேசுவது எளிது. நமக்கு எதிராகப் பேசுவதற்குத்தான் ஈமான் வேண்டும்.

இப்படிப் பேசினால் உடனே ‘லிபரல் முஸ்லிம்’ என்று ஒரு முத்திரை விழும், மேற்கிலிருந்து இறக்குமதியான சிந்தனை என்பார்கள். நம் சொந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஆசிரியர் கலாசாலையில் அறிஞர் சித்திலெப்பையைப் பற்றிக் கல்வி, பத்திரிகை, நாவல் என்று மூன்று தலைப்பு எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாம். அவர் எதை எதிர்த்து நின்றார் என்று நாம் கேட்டதில்லை. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி அவர். அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் நம் மக்களுக்கு இருந்தது. பயத்தில் காரணம் இல்லாமலும் இல்லை, பள்ளிக்கூடங்கள் மிஷனரிகள் கையில்தான் இருந்தன. ஆனால் அந்தப் பயத்தால் ஒரு தலைமுறையே படிப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சித்திலெப்பை 1882 டிசம்பர் 21இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அரபுத் தமிழும் அரபும் அறிந்த அவர், ஆங்கிலமும் படியுங்கள், மார்க்கமும் படியுங்கள், படிக்காமல் இருப்பதற்கு மார்க்கத்தைச் சாட்டாதீர்கள் என்ற செய்தியை அதில் விடாமல் சொன்னார். சில வாரங்களில் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய ஆதரவும் கிடைத்தது. 1884இல் கொழும்பில் ஆரம்பித்த முதல் பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. விட்டுவிடவில்லை. 1892இல் மருதானையில் மீண்டும் தொடங்கிய பள்ளிக்கூடமே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார். சொந்தச் சகோதரியையே அங்கே படிப்பிக்க வைத்தார். முஸ்லிம் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போவது 1890களில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவர் மார்க்கத்தை விட்டு ஒதுங்கிப் பேசியவர் இல்லை. தரீக்காவும் தஸவ்வுஃபும் தெரிந்தவர். 1897இல் அவர் வெளியிட்ட ‘அஸ்ராறுல் ஆலம்’ ஆன்மீகமும் தத்துவமும் பேசும் நூல். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்த வருடம், 1898 பெப்ரவரியில், அவர் மௌத்தானார். உயிரோடு இருக்கும்போது சந்தேகத்தோடு பார்த்த அதே சமூகம் இன்று அவர் பெயரில் பாடசாலைகள் நடத்துகிறது. 1977இல் முத்திரையும் வெளியாயிற்று. நாம் எப்போதும் இப்படித்தான். கேள்வி கேட்டவரை அவர் மௌத்தான பிறகுதான் ‘அறிஞர்’ என்கிறோம்.

அடுத்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்தி பார்க்க வந்தவர் நம் கிழக்கின் முஸ்லிம் பிள்ளைகளின் படிப்பைக் கண்டு கவலைப்பட்டார். அங்கேதான் காரைதீவு சுவாமி விபுலானந்தரோடு நட்பு இறுகியது. காவி உடுத்த துறவியும் முஸ்லிம் அதிகாரியும் கல்வியைப் பற்றி உட்கார்ந்து பேசினார்கள். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. 1945இல் வசதியில்லாத பிள்ளைகளுக்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. 1948இல் பெரிய அரசாங்கப் பதவியை விட்டு ஸாஹிராவின் அதிபரானார். செனட்டராகவும் இருந்தார். 1956இல் தன் கட்சி ‘சிங்களம் மட்டும்’ என்ற பக்கம் சாய்ந்தபோது கட்சியை விட்டு வெளியேறினார். தனக்கு லாபம் தரும் இடத்தை மனச்சாட்சிக்காக விடுவதும் முஹாஸபாதான்.

அஸீஸ் அவர்களுக்குக் கவிஞர் இக்பால் மேல் பெரும் ஈடுபாடு. நமக்கும் இக்பால் அந்நியர் இல்லை, பக்கத்திலேயே இக்பால் நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரை நாளாந்தம் சொல்கிறோம். ஆனால் இக்பால் 1929ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நம் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தில் நின்று ஆற்றிய விரிவுரைகளை நாம் பேசுவதில்லை. சட்டத்தில் புதிதாகச் சிந்தித்து முடிவெடுக்கும் இஜ்திஹாத் நின்றுவிட்டால் இஸ்லாமியச் சிந்தனையின் அசைவே நின்றுவிடும் என்பது அவருடைய வாதம்.

“நாங்கள் ஷாஃபி மத்ஹபு, எங்களுக்கு இக்பால் வேண்டாம்” என்பவர்களுக்கு இமாம் ஷாஃபியையே காட்டலாம். பக்தாதில் இருந்தபோது சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போன பிறகு இமாம் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். ‘கவ்லுல் கதீம்’, ‘கவ்லுல் ஜதீத்’ என்று மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் இது தெரியும். இமாமே தன் சொல்லைத் திரும்பிப் பார்த்தார். நாம் மட்டும் ஏன் பார்க்க மறுக்கிறோம்?

இனி விஷயத்துக்கு வருவோம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம்.

இதில் பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் திருமணத்தையும் காதி அனுமதித்தால் பதியலாம். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1995இலிருந்து 18 வயது. பதிவுப் பத்திரத்தில் மணமகளின் கையொப்பம் தேவையில்லை, வலியின் கையொப்பம் போதும். கணவன் காரணம் காட்டாமல் தலாக் சொல்லலாம். மனைவி பஸ்ஹு கேட்டால் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். பெண்கள் காதியாக முடியாது. தன் வீட்டில் நடந்ததை ஒரு பெண், முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

இது ஷரீஅத், கை வைக்கக்கூடாது என்கிறோம். இந்தச் சட்டம் வந்த வழியைப் பாருங்கள். ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த விதிகளை அடிப்படையாக வைத்து 1806இல் ஆங்கிலேயர் ஒரு தொகுப்பை நடைமுறைப்படுத்தினார்கள். அதன்மேல் 1929இல் ஒரு கட்டளைச் சட்டம், அதன்மேல் 1951 சட்டம். குர்ஆனும் பிக்ஹும் இதில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எழுதிய கைகள் மனிதக் கைகள். அன்றைய பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா. நம்மைப் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியா 2019இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமண வயதை 19 ஆக்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017இல், சிரேபோன் நகரில் கூடிய பெண் உலமாக்கள் சிறுவயதுத் திருமணத்துக்கு எதிராக ஃபத்வா கொடுத்திருந்தார்கள். மலேசியா 2010இல் பெண்களை ஷரீஆ நீதிபதிகளாக நியமித்தது. அவர்களுடைய இஸ்லாம் நம்முடையதைவிடக் குறைந்ததா?

நபி (ஸல்) அவர்களின் காலத்தைப் பாருங்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவருடைய தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தார். அவர் முறையிட்டபோது நபியவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. அவர் ஏற்கனவே மணமானவர் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் அபூதாவூதைப் பாருங்கள். ஒரு கன்னிப் பெண் இதே முறைப்பாட்டோடு வந்தபோது, இருப்பதா விலகுவதா என்ற முடிவை நபியவர்கள் அவளிடமே கொடுத்தார்கள். அவள் வாயைத் திறந்து பேசினாள், கேட்கப்பட்டது. 1400 வருடத்துக்குப் பிறகு நம் பதிவுப் பத்திரத்தில் அவளுக்கு ஒரு கோடு இழுத்து இடம் விட நம்மால் முடியவில்லை.

இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2018 ஜனவரியில், அறிக்கை கொடுத்தார்கள். அதிலும் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. அதற்குப் பிறகும் இழுபறிதான். இந்த வருடங்களில் காதி நீதிமன்ற வாசலில் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர் என்று யார் கணக்குப் பார்த்தது?

ஒரு எதிர்வாதம் உண்டு, அதை மதிக்கிறோம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நம்மை முழு நாடும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கு யாரைத் தலைவராக்கினார்கள் என்பதும் தெரியும். இந்த நேரத்தில் நம் குறையை நாமே பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா? அந்தப் பயம் பொய்யில்லை. சித்திலெப்பை காலத்துப் பயமும் பொய்யில்லை. பயம் உண்மையாக இருந்தபோதும் அவர் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவைக்கவில்லை. நாம் திருத்தாமல் விட்டால் நம்மை வெறுப்பவர்கள் வந்து திருத்துவார்கள், அப்போது நல்லதும் சேர்ந்து போகும். நம் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நாமே அதை நீதியாக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புத்தக விஷயமல்ல. வகுப்பில் முன் வரிசையில் இருந்த பிள்ளை ஒரு தவணை விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. இடாப்பில் பெயரைக் கூப்பிட்டபோது மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “டீச்சர், அவவுக்குக் கலியாணம்.” சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. நாமும் இடாப்பில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டோம். அந்த வீட்டு வாசலுக்கு நாம் போகவில்லை. உம்மா வாப்பாவோடு பேசவில்லை. வெள்ளைத் துணியின் படத்தை முகநூலில் போட்டவர்கள்தான் நாமும். இதை எழுதும்போது நம்மையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்கிறோம்.

சட்டம் கொழும்பில் மாறும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நம் மஹல்லாவில் 18 வயதுக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் நிகாஹ் நடத்துவதில்லை என்று ஒரு தீர்மானம். இரண்டு, நிகாஹ்வுக்கு முன் மணப்பெண்ணிடம் ஒரு மௌலவியும் ஒரு பெண் ஆசிரியையும் தனியே பேசி, அவளுடைய சம்மதத்தை அவள் கையாலேயே எழுதிக் கையொப்பம் வாங்கி, பள்ளியில் ஒரு கொப்பியில் வைத்திருப்பது. இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மூன்று, காதியிடம் போகும் பெண் தனியாகப் போக வேண்டியதில்லை, ஊரில் விபரம் தெரிந்த இரண்டு பெண்கள் அவளோடு போவார்கள் என்ற ஏற்பாடு.

அன்று நமக்காகத் துணி கட்டியவர்களுக்கு நாம் யார் என்றே தெரியாது. ஆனாலும் வந்து நின்றார்கள். இன்று நிற்க வேண்டிய இடம் நமக்குத் தெரிந்த வீட்டு வாசல், நமக்குத் தெரிந்த பிள்ளை.

இந்தப் பதிவில் சரியானது அல்லாஹ்விடமிருந்து, பிழையானது நம்மிடமிருந்து. பிழை கண்டவர்கள் கோபப்படாமல் திருத்துங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய கணக்கையும் இலகுவாக்குவானாக. வஸ்ஸலாம்.