விடப்பட்ட வெண்மையும் பூசப்பட்ட வெண்மையும்

தென்மேற்குப் பருவம் தொடங்கிக் குற்றாலத்தில் நீர் விழத் தொடங்கியதும் ஒரு பழைய படம் சமூக ஊடகங்களில் வலம்வருவது வழக்கமாகிவிட்டது. உயர்ந்த பாறை, நடுவே வெள்ளைப் பட்டை போன்ற நீர், அடியில் எறும்பளவில் மனிதர்கள். அதை எண்ணெய் ஓவியம் என்று எழுதுவோர் உண்டு. அக்காலத்தில் எவ்வளவு நீர் விழுந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. வலம்வருவது பெரும்பாலும் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய இருவரின் அச்சுப்படம். அது எண்ணெய் ஓவியம் அன்று. நீரின் அளவுக்குச் சான்றாகக் கொள்வதற்கும் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அதில் நீர் வரையப்படவே இல்லை.

பெரியவரும் அவருடைய அண்ணன் மகனுமான இவ்விருவரும் 1792-இல் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்தனர். அவ்வாண்டு மார்ச்சில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை மூன்றாம் மைசூர்ப் போரை முடித்துவைத்திருந்தது. திண்டுக்கல், பாராமகால், பாலக்காட்டை உள்ளடக்கிய மலபார் ஆகியவை அந்த ஒரே உடன்படிக்கையால் கும்பினியின் கைக்கு வந்தன. போர் திறந்துவிட்ட வழியில் தூரிகை நடந்தது என்றால் மிகையாகாது. ஆனால் அவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்குள்ளோ இன்றைய இடுக்கியின் மலைகளுக்குள்ளோ செல்லவில்லை. மலைத்தொடரின் கிழக்கு ஓரமாகவே இறங்கிப் பாபநாசத்தையும் குற்றாலத்தையும் அடைந்தனர். அங்கே எடுத்த குறிப்போவியங்கள் 1794-இல் அவர்களோடு இங்கிலாந்து சென்றன. 1795 முதல் 1808 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 144 தட்டுகள் கொண்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் இவ்விரு அருவிகளும் இடம்பெற்றபோது, நேரில் பார்த்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கடந்திருந்தன.

அந்த அச்சுமுறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத்தகட்டின் மேல் பிசின்தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் தோய்ப்பார்கள். தூளின் இடுக்குகளில் அமிலம் அரித்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். நீண்டநேரம் அரிக்கப்பட்ட இடம் இருளாகவும், சற்றே அரிக்கப்பட்ட இடம் சாம்பலாகவும் அச்சாகும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதல் தோய்ப்புக்கு முன்பே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். ஆகவே குற்றாலப் படத்தில் முதலில் முடிவுசெய்யப்பட்ட பகுதி அருவியே. அமிலம் தொடாத பகுதியும் பெரும்பாலும் அதுவே. பின்னர்க் கையால் வண்ணம் ஏற்றியபோதும் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக விடப்பட்டது. படத்தில் நாம் காணும் நீர் ஆங்கிலேயக் காகிதத்தின் நிறம். சுற்றியுள்ள பாறையின் இருளே அதனை நீராக்குகிறது. பட்டையின் அகலத்தை அளந்து 1792-ஆம் ஆண்டின் நீரளவைக் கணிக்க முயல்வோர் உண்மையில் அளப்பது இலண்டன் பட்டறையில் வார்னிஷ் பூசிய ஒரு கையின் அசைவைத்தான். பாபநாசத்தைப் பொறுத்தவரை இது சிறிய விஷயமன்று. அங்கே மலையில் 1940-களில் அணை வந்த பின் ஆற்றின் போக்கே மாறியது. அதற்கு முந்தைய நிலையை அறியப் படங்களை நாடும் ஆய்வாளர், படம் எதனால் ஆனது என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

நீரைச் செய்யாமல் விட்டே நீராக்கும் இந்த உத்தி ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தில், அதனைக் கங்கை இறங்கிய கதை என்று கொண்டாலும் அருச்சுனன் தவம் என்று கொண்டாலும், நீரின் இடம் பாறையில் இயற்கையாகவே இருந்த ஒரு பிளவு. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அங்கே நீரைச் செதுக்கவில்லை, நாகர்களை ஏறவைத்தான். மேலே தொட்டி அமைத்து உண்மை நீரையே அவ்வழி ஓடவிட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. சுற்றியுள்ள தேவரும் விலங்குகளும் புடைத்து நிற்க, நடுவிலிருக்கும் இன்மையே அருவியாகிறது. டேனியல்கள் மாமல்லபுரத்தையும் வரைந்தவர்கள் என்பது ஒரு சுவையான தற்செயல்.

மொழியின் பக்கம் திரும்பினால் வேறொன்று தெரிகிறது. சங்க நூல்களின் சொல் ‘அருவி’. இன்று பாடநூல்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் மிகுதியாகக் காணும் ‘நீர்வீழ்ச்சி’ ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளை வரிசையாகப் பெயர்த்தது போன்ற அமைப்புடையது. மலையாளத்தின் ‘வெள்ளச்சாட்டம்’ நீரைக் குதிக்கவைக்கிறது. திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலையின் அருவி விரிவாக வருகிறது. அங்கே நீரின் நிறம் கவிஞரின் முதன்மையான அக்கறையன்று. அது எவற்றையெல்லாம் உருட்டி, சிதைத்து, அடித்துக்கொண்டு வருகிறது என்பதே பேச்சு. தேனடை, பலா, மரம், அஞ்சி ஓடும் விலங்குகள். அந்த அருவிக்கு எடை உண்டு. காகிதத்தின் வெறுமையில் அந்த எடையைக் காட்ட இயலாது.

பாலக்காட்டையும் இடுக்கியையும் தமிழகத்தோடு இணைக்கும் மலைகளில் இன்னொரு சொல் இடப்பெயராகவே நிற்கிறது. மறையூருக்கு அப்பால், மழைமறைவுப் பகுதியான சின்னார்க் காட்டில், பாம்பாறு விழும் இடம் தூவானம். சாரலாகத் தெறித்து வரும் துளிக்குத் தமிழ் வைத்த பெயர் அது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்றான பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. சொல்லும் நீரும் ஒரே திசையில் எல்லை கடக்கின்றன. இதே மறையூர்ப் பகுதியில் பழைய பாறை ஓவியங்கள் உள்ள ஓரிடம் ‘எழுத்துக் குகை’ எனப்படுகிறது. அங்கிருப்பவை எழுத்துகள் அல்ல. மனித, விலங்கு உருவங்கள். எழுதுதல் என்பது வரைதலையும் குறித்த பழந்தமிழ் வழக்கு, களமெழுத்தில் தங்கியிருப்பது போலவே, இந்தப் பெயரிலும் தங்கியிருக்கிறது. படத்தை ‘வரைந்தான்’ என்று இன்று எழுதும் நாம், முன்பு ‘எழுதினான்’ என்றே சொல்லியிருப்போம். கத்தியால் வண்ணத்தை அப்புவதற்கு இவ்விரு வினைகளும் பொருந்தவில்லை என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். அதற்கு நெருங்கிய வினை ‘பூசுதல்’. அது கொத்தனாரின் சொல்.

எண்ணெய் வண்ணம் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த வழியில் தமிழ்நாட்டுக் கைகள் உண்டு. சுவாதித் திருநாள் காலத்தில் அங்கே பணியாற்றிய மதுரை அழகிரி நாயுடுவும், அவரிடம் பயின்ற கிளிமானூர் இராஜராஜ வர்மாவும், அவருடைய மருமகனான இரவிவர்மாவும் ஒரு தொடர்ச்சி. 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்து வரைந்ததை இளம் இரவிவர்மா அருகிருந்து பார்த்துக் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் பின்னாளில் வரைந்த கங்காவதரணத்தில் வானிலிருந்து இறங்குவது நீரன்று, ஒரு பெண். சிவன் இடுப்பில் கையூன்றி அண்ணாந்து நிற்கிறார். உலகின் மிகப் பெரிய அருவியை வரையக் கிடைத்த வாய்ப்பில் இரவிவர்மா சேலையையும் கூந்தலையும் வரைந்தார். குறை கூறுவதற்கில்லை, புராணம் சொன்னதைத்தான் அவர் செய்தார். ஆயினும் மென்தூரிகையால் தடம் தெரியாமல் இழைக்கும் அவருடைய முறையில், நீரின் முரட்டுத்தனத்துக்கு இடமிருக்கவில்லை என்பதும் உண்மை.

அந்த முரட்டுத்தனத்துக்கான கருவி பிரான்சில் வேறொரு பயனுக்காகக் காத்திருந்தது. பேலட் கத்தி என்பது பெயரளவில்தான் கத்தி. அதற்குக் கூர் இல்லை. வண்ணத்தட்டில் பொடியையும் எண்ணெயையும் குழைக்கவும், மிச்சத்தைச் சுரண்டவும் பயன்பட்ட வளையும் தகடு. ரெம்ப்ராண்ட் போன்ற சிலர் முன்பே அதைக்கொண்டு கனமாக அப்பியதுண்டு. குஸ்தாவ் கூர்பே 1864-ஐ ஒட்டி லூ ஆறு குகையிலிருந்து வெளிப்படும் இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தபோது, பாறையையும் நீரையும் கத்தியாலேயே எழுப்பினார். சுண்ணாம்புப் பாறை நிறைந்த நாட்டில் பிறந்தவருக்குக் கரணையின் மொழி இயல்பாக வந்திருக்க வேண்டும். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் உருவாக்கிய தகரக்குழாய் இதற்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தது. பன்றியின் சிறுநீர்ப்பையில் சிறிதளவாக முடிந்துவைத்த வண்ணத்தைக் கொண்டு யாரும் தாராளமாக அப்ப முடியாது; குழாயைப் பிதுக்கினால் முடியும்.

செய்முறை வரலாற்றுக்குப் புறம்பானதன்று. முதலில் பாறையின் இருளை மெல்லிய பூச்சாக இட்டு இறுக விடுகிறார்கள். அது ஈரமாக இருந்தால் மேலே வரும் வெள்ளை அதை வாரிக்கொண்டு சாம்பலாகிவிடும். பிறகு தகட்டின் அடிப்புறத்தில் வெள்ளையை ஒரு வரப்பு போல எடுத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கித்தானின் மேடுகள் வண்ணத்தை வாங்கிக்கொள்ள, பள்ளங்கள் விட்டுவிடுகின்றன. அந்த விடுபடல்களில் அடியிலுள்ள பாறை தெரிகிறது. இழுப்பின் இரு ஓரங்களிலும் ஒதுங்கிய வண்ணம் சிறு கரையாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அக்கரை உண்மையிலேயே நிழல் விழுத்துகிறது. நீர் எத்திசையில் விழுகிறதோ அத்திசையிலேயே கையும் விழுகிறது. டேனியல்களின் தகட்டில் அருவி கையே படாத இடம். இங்கே அதுவே படத்தின் மிகத் தடித்த இடம். இரு வெண்மைகளுக்கும் இடையில் ஓர் உத்திமாற்றத்தை மட்டும் காண்பது போதாது. முன்னதில் அருவி தொலைவிலிருந்து பார்க்கும் பயணியின் காட்சி. பின்னதில் அது தலையில் வந்து அறையும் பொருள்.

ஆனால் தடித்த வெள்ளைக்குத் தடித்த துன்பங்களும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் நீர் வற்றுவது போல உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. கனமான பூச்சில் மேலே தோல் கட்டிக்கொள்ள உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும். இருட்டறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். பழைய ஈய வெள்ளை நெகிழ்வானது, ஆனால் நஞ்சு. துத்தநாக வெள்ளை தூயது, நாளடைவில் நொறுங்கக்கூடியது. இன்று குழாய்களில் பரவலாகக் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

தென்னிந்தியக் கலைவரலாறு இந்த மாற்றத்தை அதிகம் பேசவில்லை. ஒரு காரணம், சென்னையில் நிலக்காட்சி பெரிதும் நீர்வண்ணத்தின் உடைமையாக இருந்தது. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து மலபாரில் வளர்ந்த கே.சி.எஸ். பணிக்கர் முதலில் பெயர்பெற்றதும் நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான். அதில் ஒளி என்பது விடப்பட்ட காகிதம். தடித்த எண்ணெயில் நிலத்தைக் கட்டியெழுப்பிய இந்தியரைத் தேடினால், 1950-இல் பாரிஸ் சென்ற எஸ்.எச். ரஸா உடனே நினைவுக்கு வருகிறார். அவரும் நீர்வண்ணத்திலிருந்து அங்கு வந்தவரே. இன்னொரு காரணம் சற்றுக் கூச்சம் தருவது. கத்தியால் செய்த அருவி இன்று சுற்றுலா நகரங்களின் கடைச்சரக்கு என்று கருதப்படுகிறது. 1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாப் ராஸ் கத்தியால் மலைகளை எழுப்பிக் காட்டியது இணையத்தின் வழி உலகெங்கும் பரவியபின், அந்தக் கருத்து இன்னும் இறுகியது. ஆய்வாளர்கள் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அப்படிக் கடந்துபோவதில் ஓர் உள்ளூர்த் தொடர்பு விடுபடுகிறது. அழகிரி நாயுடு போன்றோர் அறிந்திருந்த தஞ்சாவூர் மரபில் ஓவியத்தைப் புடைக்கவைப்பது இயல்பான செயல். சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்த கூழால் நகையையும் தூணையும் கிரீடத்தையும் மேடாக்கி, அதன்மேல் பொன்தகடும் கல்லும் பதித்தார்கள். ஓவியப் பரப்பில் எது எழுந்து நிற்கத் தகுதியுடையது என்ற கேள்விக்கு அம்மரபின் விடை: பொன். கத்தி அந்த இடத்தை நீருக்குக் கொடுத்தது. இவ்வகையில் பார்த்தால் மூணாறுச் சாலையோரக் கடையில் தொங்கும் ஓர் அருவிப்படம் கூர்பேயை விடத் தஞ்சாவூருக்கு அருகில் இருக்கக்கூடும்.

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கான தரவு ஆவணங்களில் கிடைப்பது அரிது. அருங்காட்சியகப் பட்டியல்கள் பொதுவாக ‘எண்ணெய் வண்ணம், கித்தான்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. தூரிகையா கத்தியா என்பது பதிவாவதில்லை. நேர்முக ஒளியில் எடுத்த புகைப்படத்தில் வண்ணத்தின் கரைகள் மறைந்துவிடுகின்றன. விளக்கைப் படத்தின் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து இன்னொரு படம் எடுத்தால் கத்தி எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பது தெரியும். அதற்கு ஒரு கைவிளக்கு போதும்.