காருக்கு பஃபிங் போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி பெயிண்ட் எவ்ளோ தடிமன் இருக்குன்னு பாருங்க!

மெல்லிய கீறல், போர் தண்ணியில் கழுவியதால் வந்த வெள்ளைத் திட்டு, வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் துடைத்த கோடுகள். "ஒரு பஃபிங் போட்டா புதுசு மாதிரி ஆயிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். ஆகவும் செய்யும். ஆனால் பஃபிங் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பெயிண்ட்டை, அதன் ஆழத்துக்குத் தேய்த்து எடுக்கிறது. எடுத்த பெயிண்ட் திரும்ப வராது.

எவ்வளவு இருக்கு?

இப்போது வரும் கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்த்தே கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது மொத்த பெயிண்ட்டுமே இரண்டு முடி தடிமன்!

இதில் தேய்க்கக் கிடைப்பது கிளியர் கோட் மட்டும். அது ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். அதையும் முழுசாக எடுத்துவிட முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்த அடுக்குதான். இது மெலிந்துபோனால் இன்று கார் பளபளக்கும், சில வருஷ வெயிலில் பானெட்டும் ரூஃபும் செதில் செதிலாக உரியும். காரின் ஆயுசுக்கும் சேர்த்து 8 மைக்ரான் அளவுக்கு மேல் எடுக்காதீங்க என்பது டீட்டெய்லிங் தொழிலில் பலரும் வைத்திருக்கும் கணக்கு.

மீட்டர் எதைச் சொல்லும்?

பெயிண்ட் தடிமன் மீட்டர் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. இரும்புத் தகட்டில் காந்த முறையிலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் அளக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற மீட்டரா என்று பார்த்து வாங்குங்க. பிளாஸ்டிக் பம்பரில் இந்த மீட்டர் வேலை செய்யாது. அதற்கு அல்ட்ராசோனிக் வகை வேணும், விலையும் ரொம்ப அதிகம்.

காரைக் கழுவி, காயவிட்டு, மீட்டருடன் வரும் தகட்டில் பூஜ்ஜியம் சரிசெய்த பிறகே அளக்கணும். ஒரு பேனலில் நாலைந்து இடமாவது பாருங்க. மலிவு மீட்டரில் 2, 3 மைக்ரான் முன்பின் வருவது சகஜம். திரையில் 4, 5 என்று வந்தால் பதறவேண்டாம். அது மில் என்ற அலகாக இருக்கலாம், ஒரு மில் 25.4 மைக்ரான்.

பெரும்பாலான பேனல் 120 காட்டி, ஒரு டோர் மட்டும் 250, 300 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. 1000 தாண்டினால் உள்ளே பட்டி இருக்கு என்று அர்த்தம். ஒரே பேனலில் ஓரிடம் மட்டும் 80க்குக் கீழே இறங்கினால், யாரோ ஏற்கெனவே அங்கே நல்லா தேய்த்திருக்கலாம். அங்கே கை வைக்காதீங்க.

ஏமாறும் இடமும் இதுதான். சாதாரண மீட்டர் காட்டுவது மொத்தத் தடிமனை மட்டுமே. அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 300 காட்டும் டோரில் பட்டியும் பிரைமரும் தடிமனாக இருந்து, மேலே கிளியர் கோட் மெலிசாக இருக்கலாம். "நிறைய இருக்கு, தைரியமா தேய்க்கலாம்" என்பது அங்கேதான் காலை வாரும்.

அதனால் முதலில் கண்ணில் படாத ஒரு சின்ன இடத்தில் அளந்து, இருப்பதிலேயே மென்மையான பாலிஷைப் போட்டு, திரும்ப அளந்து பாருங்க. எவ்வளவு குறைந்தது என்பதுதான் முக்கியம். வாட்டர் பேப்பர் போடுவதை கடைசி வழியாக வையுங்க. அது பாலிஷைவிட பல மடங்கு வேகமாகத் தின்னும்.

மீட்டர் இல்லைன்னா?

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்க. நகம் சிக்கினால் அது பஃபிங்கில் முழுசாகப் போகாத ஆழம், விட்டுவிடுவது நல்லது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஓரமாகத் தேய்த்துப் பாருங்க. துணியில் காரின் நிறம் ஒட்டினால், ஒன்று அது கிளியர் கோட்டே இல்லாத பழைய வகை பெயிண்ட், இல்லைன்னா கிளியர் கோட் தீர்ந்துபோச்சு. கம்பெனி பெயிண்ட் உள்ள புது கார் என்றால் உடனே நிறுத்திடுங்க.

பானெட்டின் மடிப்புக் கோடு, டோர் விளிம்பு, ஃபெண்டர் முனை ஆகியவற்றில் பெயிண்ட் மெலிசாக இருக்கும், மெஷினின் சூடும் அங்கேதான் குவியும். மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பிக்கணும். கடையில் கொடுப்பதாக இருந்தாலும், தேய்க்கும் முன் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்க.

ரொம்ப பழைய கார் என்றால் பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்க்கணும், ஈயத் தூசியைத் தடுக்கத் தகுந்த மாஸ்க் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.