சைமன் சுந்தரராஜ்

சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய கால்பந்து வீரர், பின்னர் பயிற்சியாளர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை இவருடையதே.

பி. கே. பானர்ஜி தலைமையில், சையது அப்துல் ரகீமின் பயிற்சியில் சென்ற அவ்வணி கடினமான பிரிவில் சிக்கியது. அங்கேரியிடம் 1–2 எனத் தோற்றது. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. பெருவுடனான மூன்றாம் ஆட்டத்தில் 3 கோல்கள் வாங்கிய பின், முடிவு நெருங்கும் வேளையில் சைமன் ஒரு கோல் அடித்தார். தோற்ற ஆட்டத்தின் ஆறுதல் கோல் என்பதால் அன்று அது பெரிதாகத் தோன்றியிருக்காது. ஆனால் 1964 டோக்கியோ தகுதிச் சுற்றில் இந்தியா ஈரானிடம் தோற்றது. அதன்பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்திய ஆடவர் அணி தகுதி பெறவே இல்லை. சைமனின் கோல் வரலாற்றில் நிற்பதற்கு அவரது ஆட்டத்திறன் மட்டுமல்ல, இந்தியக் கால்பந்தின் வீழ்ச்சியும் காரணம். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை 1948இல் இலண்டனில் பிரான்சுக்கு எதிராக அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

பயிற்சியாளராக சைமன் பெற்ற வெற்றி கேரளத்தில் அதிகம் நினைக்கப்படுகிறது. 1973இல் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில், இவர் பயிற்றுவித்த கேரள அணி ரயில்வேயை 3–2 என வென்றது. அணித்தலைவர் மணியே மூன்று கோல்களையும் அடித்தார். கேரளம் அக்கோப்பையை வென்றது அதுவே முதல்முறை.