டாங்: கடைசி டார்பிடோ திரும்பி வந்த இரவு

நீர்மூழ்கிக் கப்பல் கதை என்றாலே நம்ம மனசுல ஒரே காட்சிதான் ஓடும். மேலே எதிரி, கீழே நாம, மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். இன்னைக்கு சொல்லப்போற கதையில் கப்பலை மூழ்கடித்தது எதிரி இல்லை. அது தானே சுட்ட டார்பிடோ.

கப்பலின் பெயர் டாங். அமெரிக்கக் கடற்படை அந்தக் காலத்தில் நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயரை வைத்தது. டாங்கும் ஒரு மீன்தான். நீளம் சுமார் 95 மீட்டர், கிட்டத்தட்ட நாலு பெட்டி மெட்ரோ ரயில் அளவு. அதுக்குள்ள 87 பேர், அவங்க சாப்பாடு, டீசல் இன்ஜின்கள், பேட்டரிகள், 24 டார்பிடோக்கள். கலிபோர்னியாவில் கட்டி, 1943 அக்டோபர் 15 அன்று பணியில் சேர்த்தார்கள்.

கேப்டன் ரிச்சர்ட் ஓகேன். அதற்கு முன்னால் வாஹூ என்ற நீர்மூழ்கியில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தவர். டாங் பொறுப்பை ஏற்பதற்காக வாஹூவை விட்டு இறங்கினார். வாஹூ அவர் இல்லாமல் கிளம்பியது, ஜப்பானுக்கு வடக்கே எல்லோரோடும் மூழ்கியது. தேதி 1943 அக்டோபர் 11, டாங் பணியில் சேர்வதற்கு நாலே நாள் முன்னால். கூட இருந்த அத்தனை பேரும் போன பிறகு, அதே வேலைக்கு இன்னொரு கப்பலில் ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

1944 ஜனவரியில் பேர்ல் ஹார்பரிலிருந்து டாங் முதல் ரோந்துக்குக் கிளம்பியது. அடுத்த ஒன்பது மாதத்தில் ஐந்து ரோந்து. போருக்குப் பிறகு அதிகாரபூர்வமாக உறுதி செய்த கணக்குப்படி மூழ்கடித்தவை 24 கப்பல்கள். பிற்பாடு ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 33 என்றார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் அமெரிக்க நீர்மூழ்கிகளில் இது முன்வரிசை.

எனக்குப் பிடிச்சது அந்தக் கணக்கு இல்லை, இரண்டாவது ரோந்து. அதில் டாங் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ட்ரக் தீவுகள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. சுடப்பட்டு கடலில் விழுந்த விமானிகளை மீட்பதுதான் டாங்கின் வேலை. பட்டப்பகலில், ஜப்பானியத் தளத்தின் கண்ணுக்கு முன்னாலேயே நீருக்கு மேலே வந்து 22 பேரை ஏற்றியது. அப்போ எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. ஒரு சின்னக் கடல் விமானம், அதன் இறக்கைகள் மேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பாரத்தோடு பறக்க முடியாமல், படகு மாதிரி தண்ணீரில் ஓட்டியே டாங்குக்குக் கொண்டு வந்து சேர்த்தார் அந்த விமானி.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கு. ஜூன் 24, மூன்றாவது ரோந்து. நாகசாகிக்குப் பக்கத்தில் ஒரு கான்வாயை டாங் தாக்கியது. மூழ்கியவற்றில் ஒன்று தமஹோகோ மாரு. அதன் அடித்தளத்தில் 772 போர்க்கைதிகள் இருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள், அமெரிக்கர்கள். அதாவது டாங்கின் சொந்தப் பக்கத்து ஆட்கள். 560 பேர் இறந்துபோனார்கள். கைதிகள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கப்பல் மேல் எந்த அடையாளமும் இல்லை. டாங்கில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை. ஏப்ரலில் 22 பேர், ஜூனில் 560 பேர். வெறும் சாகசக் கதையாக இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஐந்தாவது ரோந்துக்கு வருவோம். இடம் ஃபார்மோசா நீரிணை, அதாவது இன்றைய தைவானுக்கும் சீனாவுக்கும் நடுவே உள்ள கடல். அக்டோபர் 24 இரவு பெரிய கான்வாய் ஒன்று சிக்கியது. பிலிப்பைன்ஸ் போருக்குப் போகிற சரக்கு. இருட்டில் நீருக்கு மேலேயே ஓடி, கான்வாய்க்கு உள்ளே புகுந்து சுடுவது ஓகேனின் வழக்கம். அன்றும் அப்படித்தான். 22 டார்பிடோ தீர்ந்தது, மிச்சம் இரண்டு. அடிபட்டு நின்றுபோன ஒரு கப்பல் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அதை முடிச்சிட்டா வேலை முடிஞ்சது, வீட்டுக்குக் கிளம்பலாம்.

மணி அதிகாலை இரண்டரை வாக்கில். 23-வது டார்பிடோ நேராகப் போனது. 24-வது நீருக்கு மேலே ஒரு துள்ளு துள்ளி, இடது பக்கம் வளைந்து, அப்படியே டாங்கை நோக்கித் திரும்பியது.

இது மார்க் 18 ரகம், பேட்டரியில் ஓடுவது. பழைய ரகம் குமிழிகளைக் கக்கிக்கொண்டு போகும், எங்கிருந்து வருதுன்னு எதிரிக்குத் தெரிந்துவிடும். இது தடமே விடாது. ஆனால் திசைமாறி வட்டமடித்தால் தானாக அணைந்துபோகும் அமைப்பு இதில் இல்லை. ஓகேன் அவசர வேகம் கேட்டார், சுக்கானைத் திருப்பச் சொன்னார். சுமார் 20 விநாடிதான் கிடைத்தது. வால் பக்கத்து டார்பிடோ அறையில் வந்து மோதியது.

மேல்தளத்தில் நின்றிருந்த ஒன்பது பேரைக் கடல் அள்ளிக்கொண்டது. அவர்களில் காலை வரை நீந்தித் தாக்குப்பிடித்தவர்கள் மூன்று பேர், அதில் ஓகேன் ஒருவர். மேல்தளத்துக்கு நேர் கீழே இருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது, கூரையை ஒட்டி மிஞ்சிய கொஞ்சம் காற்றைப் பிடித்துக்கொண்டு லாரி சவாட்கின் என்ற அதிகாரி வெளியே வந்தார். நான்காவது ஆள் அவர். பேன்ட்டைக் கழற்றி, அதில் காற்றைப் பிடித்து மிதவையாக்கிக்கொண்டாராம்.

கப்பல் 55 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியது. உள்ளே உயிரோடு இருந்தவர்களில் சுமார் 30 பேர் முன்பக்க டார்பிடோ அறைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ரகசிய ஆவணங்களைக் கொளுத்தினார்கள், காற்று மோசமானது. மேலே ஜப்பானியக் கப்பல்கள் வெடிகுண்டுகள் போட்டுக்கொண்டே இருந்தன. போதாக்குறைக்கு பக்கத்துப் பேட்டரி அறையில் தீ.

தப்பிக்க ஒரே வழி சின்ன ஒரு கூண்டு. நாலு பேர் நெருக்கி நிற்கலாம். உள்ளே தண்ணீரை விட்டு, வெளியே உள்ள அழுத்தத்துக்குச் சமமாகிற வரை நிரப்ப வேண்டும். அந்த ஆழத்தில் அது தரைமட்டக் காற்றழுத்தத்தைப் போல ஆறரை மடங்கு. பிறகு கதவைத் திறந்து, மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரல் கிழியும். நெஞ்சில் மாட்டிக்கொள்ள மொம்சன் லங் என்ற ரப்பர் பை இருந்தது, அதற்குள்ளிருந்து மூச்சு விடலாம். பயிற்சிக் குளத்தில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். இருட்டில், சூட்டில், தலை சுற்றும்போது செய்து பார்த்ததில்லை.

விடிகாலையில் தொடங்கி நாலு குழுக்களாக 13 பேர் வெளியேறினார்கள். முதல் முறை கூண்டுக்குள் போன சிலர் வெளியேற முடியாமல் அறைக்கே திரும்பினார்கள். கடைசிக் குழு போகும்போது தீயின் சூட்டில் சுவரின் பெயின்ட் உருகிக்கொண்டிருந்ததாம். 13 பேரில் எட்டுப் பேர் மேலே வந்தார்கள். மீட்கப்படும் வரை தாக்குப்பிடித்தது ஐந்து பேர். மற்றவர்கள் கீழேயே இருந்துவிட்டார்கள்.

ஆக மேலே நாலு, கீழேயிருந்து ஐந்து. 87-இல் ஒன்பது.

அவர்களைக் கடலிலிருந்து எடுத்தது ஒரு ஜப்பானியக் காவல் கப்பல். அதில் ஏற்கெனவே வேறு சிலர் இருந்தார்கள். முந்தைய இரவு டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தப்பியவர்கள், உடம்பெல்லாம் தீக்காயம். ஒன்பது பேரையும் அடித்தவர்கள் அவர்கள்தான். இதை ஓகேன் பிற்பாடு எழுதினார். அடிப்பது யார் என்று புரிந்த பிறகு அந்த அடியைப் பொறுத்துக்கொள்வது கொஞ்சம் சுலபமாக இருந்ததாம். எத்தனையோ போர் நினைவுக் குறிப்புகள் படிச்சிருக்கேன். இப்படி ஒரு வாக்கியத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்து ஓஃபுனா முகாம். செஞ்சிலுவைச் சங்கத்திடம் அங்கிருந்த கைதிகளின் பெயர்களை ஜப்பான் கொடுக்கவில்லை. ஊரில் ஓகேனின் மனைவிக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் தெரிந்ததெல்லாம் 'கப்பல் திரும்பவில்லை' என்பது மட்டும்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. டாங்குக்கு ஏழு மாதம் முன்னால், 1944 மார்ச்சில், டல்லிபீ என்ற இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கியும் இதே மாதிரி தன் டார்பிடோ திரும்பி வந்துதான் மூழ்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர், கிளிஃபோர்ட் குய்கெண்டால் என்ற மாலுமி. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், ஆனால் அவரும் ஜப்பானில் கைதி. 1945-இல் போர் முடிந்து, அவரும் டாங்கின் ஒன்பது பேரும் எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய பிறகுதான் இரண்டு கப்பல்களின் கதையும் ஊருக்குத் தெரிந்தது.