இருமலின் இருப்பிடம்: ஆடாதோடையும் மா ஹுவாங்கும்

நாஞ்சில் நாட்டில் ஆடாதோடையை ‘இருமல் மருந்து’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கடையில் ஆடாதோடை மணப்பாகு வாங்குபவரிடம், சளி கட்டியிருக்கிறதா வறட்டிருமலா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேள்வி போனால் மருத்துவத்தில் பாதி போயிற்று என்பதே என் வாதம். சீன மருத்துவத்தை அருகில் வைத்தால் இது இன்னும் துலங்கும்.

ஹுவாங்டி நெய்ஜிங் என்னும் பழைய சீன நூலில், சூவென் பகுதியின் 38ஆம் அத்தியாயம் முழுக்க இருமலைப் பற்றியது. இருமல் நுரையீரலுக்கு மட்டும் உரியதன்று என்கிறது அது. விலாவின் இருபுறமும் வலிக்க இருமினால் கல்லீரல், இடுப்பு வலித்தால் சிறுநீரகம், வாந்தியோடு வந்தால் இரைப்பை. எல்லாம் இரைப்பையில் திரண்டு நுரையீரலைத் தாக்குகின்றன என்பது அதன் முடிவு. பின்வந்தோர் குளிர்க்காற்று, வெப்பக்காற்று, வறட்சி, உள்ளிருந்து திரளும் கோழை எனப் பிரித்தார்கள். குளிர் தாக்கி வியர்க்காமல் மூச்சு இரைப்பவருக்கு உரிய மா ஹுவாங் என்னும் மூலிகையை, உடல் நீர் வற்றி இருமுபவருக்கு அவர்கள் கொடுப்பதில்லை.

நம் மரபும் வயிற்றை விடவில்லை. ஐயம், அதாவது கபம், மிகுந்த இருமலுக்குத் தயிரும் வாழைப்பழமும் குளிர்ந்த நீரும் விலக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். வறண்ட தொண்டைக்கு அதிமதுரம். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருப்பதால், ஒரே மாவட்டத்தில் ஒரே செடிக்கு இரண்டு வாசிப்புகள் கிடைக்கின்றன. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை காசத்தை, அதாவது இருமலை, ஐந்தாகப் பிரித்து, உடல் தேய்வால் வருவதைத் தனியே வைக்கிறது. பழைய காசநோய் மருத்துவமனை வளாகத்தில்தான் இன்றைய ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி நிற்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பிரிவின் கனம் புரியும்.

வேதியியல் இரண்டு மரபுகளிலிருந்தும் ஒரே விதமாக எடுத்துக்கொண்டது. 1885இல் ஜப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷி மா ஹுவாங்கிலிருந்து எபெட்ரினைப் பிரித்தார். ஆடாதோடையின் வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு, சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. இதைக் காட்டி ‘விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது’ என்பவர்கள் ஒப்புக்கொள்ளப்பட்டது எது என்று பார்ப்பதில்லை. செடியில் வினைபுரியும் பொருள் உண்டு என்பதுதான் உறுதியாயிற்று. யாருக்கு எப்போது என்ற மரபின் வகைப்பாடு சோதனைக்கே வரவில்லை.

அதற்காக வகைப்பாடுகளை அப்படியே நம்பச் சொல்லவில்லை. இரைப்பை அமிலம் மேலேறி நீண்ட நாள் இருமல் வருவதை நவீன மருத்துவம் அறியும். ஆனால் சூவென் இதைத்தான் சொன்னது என்று வாதிடுவது நம்மூர்ச் சித்தர் பெருமைப் பேச்சைப் போன்ற அவசரம். நூல்களின் கோட்பாடு தவறாக இருக்கலாம், அவை கேட்கச் சொன்ன கேள்விகள் பயனுள்ளவை. இன்றைய மருத்துவமும் கேட்கச் சொல்லும் கேள்விகள் உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. அதிமதுரம் தொடர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும் என்பது அரசின் காசநோய்த் திட்ட விதி. கடைக்காரர் கேட்காத கேள்விகளில் இவை மூன்றும் அடங்கும்.