ஷெட்லாந்து தீவுகள் மன்றம்

ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுக்கூட்டமான ஷெட்லாந்தின் உள்ளாட்சி அமைப்பு, தலைமையிடம் லெர்விக். நார்வே ஆட்சிக்காலத்துப் பேரவை டிங்வால் ஏரியின் ஒரு திட்டில் கூடியதாக மரபு கூறும். 1469இல் நார்வேயையும் ஆண்ட டென்மார்க் அரசர் முதலாம் கிறிஸ்தியான், மகள் மார்கரெட்டின் சீதனத்தில் 8,000 பொற்காசுகளுக்கு ஈடாக இத்தீவுகளை ஸ்காட்லாந்து மன்னரிடம் அடகு வைத்தார், அடகு மீட்கப்படவேயில்லை. 1611இல் பழைய நார்ஸ் சட்டங்கள் நீக்கப்பட்டன. தேர்தலால் அமைந்த கவுண்டி மன்றம் 1890இல் வந்தது. இன்றைய தன்னாட்சி வேட்கைக்கு டிங்வாலே வேர் என்பாரும் உண்டு. இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப்பின் அதை நினைவின் தொடர்ச்சி எனலாம். நிறுவனத்தின் தொடர்ச்சி எனத் துணிவதற்கில்லை.

மன்றத்தின் வலிமை உண்மையில் 1970களில் உருவானது. 1969இல் உள்ளாட்சிச் சீரமைப்பை ஆராய்ந்த வீட்லி ஆணையம் ஷெட்லாந்தை ஹைலண்ட் மண்டலத்தோடு இணைக்கப் பரிந்துரைத்தது, தீவினர் உடன்படவில்லை. 1975இல் பெரும்பாலான உள்ளாட்சிப் பணிகளையும் ஏற்ற தனி மன்றமே அமைந்தது. அதற்குள் வடகடலில் பிரெண்ட் எண்ணெய்வயல் 1971இல் கண்டறியப்பட்டிருந்தது; எண்ணெயைக் கரைசேர்க்க வாய்ப்பான சல்லம் வோ கடற்கழியைச் சுற்றிய நிலங்களை வெளியார் வளைக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 17,000 மக்களே வாழ்ந்த கவுண்டியின் மன்றம், செயலர் அயன் கிளார்க்கின் முனைப்பில் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் கோரியது. 1974இல் நிறைவேறிய அச்சட்டம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும், துறைமுகத்தை ஆளவும், நிறுவனங்களில் முதலிடவும், சேமநிதி வைக்கவும் மன்றத்துக்கு உரிமை தந்தது. 1978இல் சல்லம் வோவுக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது. தீவு வாழ்வுக்கு நேரும் இடையூறுக்கு ஈடாக எண்ணெய் நிறுவனங்கள் செலுத்திய தொகை 1976இல் தொடங்கிய அறக்கட்டளைக்குப் போயிற்று. முதியோர் பராமரிப்பும் விளையாட்டு அரங்குகளும் அதனால் செழித்தன.

இதெல்லாம் எண்ணெய் தந்த அதிர்ஷ்டம் என்பது எளிய விளக்கம். ஆனால் எண்ணெய்த் தொழிலின் தலைநகராகவே வளர்ந்த அபர்டீனுக்கு இத்தகைய நிதி வாய்க்கவில்லை. அதே 1974இல் தனிச்சட்டம் பெற்ற அண்டைத் தீவுக்கூட்டமான ஆர்க்னியோ தனக்கும் சேமநிதி கண்டது. ஆகவே வளத்தைவிட, வளம் வருமுன் பெற்ற சட்ட அதிகாரமே தீர்மானமான காரணம் எனக் கொள்ளலாம். இத்தனை அதிகாரம் பெற்ற, கட்சி சாராதோரே பெரும்பான்மையாக வெல்லும் மன்றத்தில் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வி நியாயமானது. மன்ற உறுப்பினர்களே அறக்கட்டளையின் அறங்காவலர்களாகவும் இருந்தது நெடுங்கால விமரிசனத்துக்கு உள்ளாகிப் பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் சிறுதீவுகளுக்கிடையே படகுச் சேவையையும் தானே நடத்தும் மன்றத்தின் குறைநிறைகளை மக்கள் அன்றாடம் துறையில் நின்றே கண்டுவிடுகிறார்கள். கட்சி இல்லாததால் கண்காணிப்பே இல்லை என்றாகாது.

2007 முதல் தேர்தல் மாற்றத்தகு ஒற்றை வாக்கு முறையில் நடக்கிறது. யெல், அன்ஸ்ட், வால்சே போன்ற தீவுகள் ஒரே வட்டாரமாயின. 2018இல் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. 2020இல் நிதி, அரசியல் தன்னாட்சிக்கான வழிகளை ஆராய மன்றம் 18க்கு 2 என வாக்களித்தது. 2022 தேர்தலில் இடங்கள் 23.