நுழைவுத் தேர்வின் பகுதிகளும் கல்லூரிகளின் அளவுகோலும்

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, இன்று அந்நாட்டுக் கல்லூரிகள் பலவும் மாணவரைத் தெரிவு செய்யக் கருதும் ‘சாட்’ தேர்வு தோன்றியிருக்கவில்லை. அது 1926இல்தான் தொடங்கிற்று. அதனை வகுத்த கார்ல் பிரிகாம் என்பார், முதல் உலகப் போரின்போது படைவீரர்க்கு வைத்த தேர்வின் மதிப்பெண்களைக் காட்டி, கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவிற் குறைந்தவர் என 1923இல் நூல் எழுதியவர்.

இவ்வகை வாதம் நமக்குப் புதிதன்று. கறுப்பினக் கல்வியாளர் ஹோரஸ் மான் பாண்ட் 1924இல் இதனை மறுத்து எழுதினார். வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பின வீரர்கள் தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளை வீரர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்ததை அதே பட்டியல் காட்டிற்று. வேறுபாடு பள்ளியால் விளைந்ததேயன்றிப் பிறப்பால் விளைந்ததன்று. பிரிகாமும் 1930இல் தம் முடிவைக் கைவிட்டார்.

தேர்வோ நிலைத்தது. மொழிக்கு 800, கணிதத்திற்கு 800 என்பது அதன் நெடுநாளைய அமைப்பு. 2005இல் எழுத்துப் பகுதிக்கு 800 சேர்ந்து மொத்தம் 2400 ஆயிற்று. ஆயினும் கல்லூரிகள் பல அப்புதிய பகுதியைக் கணக்கில் கொள்ளவில்லை. 2016இல் மொத்தம் மீண்டும் 1600 ஆயிற்று.

மொத்தம் ஒன்றாயினும் மதிப்பு ஒன்றன்று. பெருந்தொற்றுக் காலத்தில் இத்தேர்வை நிறுத்திவைத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022இல் அதனை மீண்டும் கட்டாயமாக்கியபோது, கணித மதிப்பெண்ணையே சிறப்பாகச் சுட்டியது. அங்குப் பயில்வோர் யாவரும் நுண்கணிதமும் இயற்பியலும் கற்றாக வேண்டும் என்பதே காரணம். வேறு பல கல்லூரிகள், ஒருவர் பல முறை எழுதிய தேர்வுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் உயர்ந்த மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டுகின்றன. கட்டணம் செலுத்திப் பல முறை எழுத வசதியுள்ளோர்க்கே இது பெரிதும் பயன்படும். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ 2021 முதல் இத்தேர்வையே கருதுவதில்லை.

நம் நாட்டு ‘நீட்’ தேர்விலும் 720இல் சரிபாதியாகிய 360 உயிரியலுக்கே உரியது. அளவுகோல் வானிலிருந்து விழுவதன்று, மனிதர் வகுப்பதே. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றவும் இயலும். ஆதலின், நம் இளைஞர்கள் எப்பகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை முன்னரே கேட்டறிந்து பயில வேண்டும்; அம்மதிப்பை வகுப்போர் அவையிலும் ஒருநாள் அமர வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் நோக்கமும் அதுவேயாகும்.